உயிர் காக்கும் சொல்

சொல்லின் ஆற்றல் பெரிது. ஒரு சொல் நட்பை வளர்க்கும்; ஒரு சொல் பகையை விளைக்கும். சொல்லைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் ஆளுதல் வேண்டும் என்று தமிழ் இலக்கண நூலார் பண்டே வரையறுத்தனர். நூலுக்கு அழகு என்று அவர்கள் கூறிய அப்பண்புகள், இக்காலத்தில் நூலுக்கு வெளியேயும் பெரும்பணி ஆற்றி வருகின்றன. காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் ஹெலிகாப்டரில் இருப்போரும், தரையில் நின்று அதனை வரவேற்கும் மீட்புப் பணியாளரும் வானொலிக் கருவியின் வாயிலாகப் பேசிக்கொள்ளும் முறையே அதற்குச் சான்றாகும். அங்குச் சொல் தெளிவாக இருப்பின் உயிர் பிழைக்கும். சொல் பிழைப்பின் உயிரும் பிழைபடும்.

ஏனைய விமானங்கள் ஓடி எழுவதற்கும் ஓடி நிற்பதற்கும் நீண்ட பாதை வேண்டும். ஹெலிகாப்டரோ நின்ற இடத்திலிருந்தே நேரே மேலெழும். வானில் ஓரிடத்தே நிலைத்து நிற்கும். சிறிய வெளியிலும் இறங்கும். இவ்வியல்பு காரணமாக, வண்டிகள் செல்ல இயலாத காட்டிலும் மலையிலும் அகப்பட்டோரை மீட்பதற்கு அது பெரிதும் பயன்படலாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1944ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், பர்மா நாட்டுக் காட்டில் பகைவர் எல்லைக்குள் ஒரு சிறு விமானம் இறங்க நேர்ந்தது. அதன் விமானியையும், அதில் ஏற்றப்பட்டிருந்த பிரிட்டிஷ் வீரர் மூவரையும் கார்ட்டர் ஹார்மன் என்னும் அமெரிக்க விமானி ஹெலிகாப்டரில் சென்று மீட்டார். அக்காலத்து ஹெலிகாப்டரின் ஆற்றல் மிகக் குறைவு. ஒரு முறைக்கு ஒருவரையே அது சுமக்கும். ஆதலின் நால்வரையும் மீட்க அவர் நான்கு முறை சென்று வர வேண்டியதாயிற்று. பின்னர், 1950 முதல் 1953 வரை நிகழ்ந்த கொரியப் போரில், இருபுறமும் படுக்கைகள் பொருத்திய சிறு ஹெலிகாப்டர்கள் காயமுற்ற வீரர்களைப் போர்முனையை அடுத்த மருத்துவமனைகளுக்குக் கொண்டு சேர்த்தன.

வியட்நாம் போரில் இப்பணி மேலும் விரிந்தது. அங்குப் பணியாற்றிய அமெரிக்க மருத்துவ ஹெலிகாப்டர்களுக்கு ‘டஸ்டாஃப்’ என்பது வானொலியில் வழங்கிய அழைப்புப் பெயர். ஹெலிகாப்டர் இறங்கும்போதும் எழும்போதும் உலர்ந்த நிலத்தின் புழுதி மேகம்போல் எழும். அக்காட்சிக்கு அப்பெயர் பொருந்தியே அமைந்தது. அப்படைப் பிரிவின் தலைவராக இருந்தவர் மேஜர் சார்லஸ் கெல்லி என்பார். 1964ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் நாள், மேகாங் ஆற்றின் கழிமுகப் பகுதியில், காயமுற்றோரை ஏற்றிச் செல்ல அவர் இறங்கினார். பகைவரின் குண்டுகள் ஹெலிகாப்டரைச் சூழ்ந்தன. உடனே அவ்விடத்தை விட்டு அகலுமாறு தரையில் இருந்தோர் வானொலியில் அவரை எச்சரித்தனர். காயமுற்ற உங்கள் வீரரை ஏற்றிக்கொண்ட பின்னரே செல்வேன் என்று கெல்லி விடையிறுத்தார். சிறிது நேரத்தில் திறந்த கதவின் வழியே பாய்ந்த குண்டு ஒன்று அவர் மார்பைத் துளைத்தது. அவர் உயிர் துறந்தார். அவர் வானொலியிற் சொன்ன அச்சிறு விடையோ, பின்னர் வந்த மருத்துவ விமானிகளுக்கு ஒரு குறிக்கோள் உரையாகவே நிலைத்துவிட்டது.

போர்க்களத்திற் கற்ற இப்பாடம் பின்னர் ஊர்களுக்கும் பயன்பட்டது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பால்டிமோர் நகரில் பணியாற்றிய ஆர். ஆடம்ஸ் கௌலி என்னும் அறுவை மருத்துவர், பெருங்காயம் அடைந்தவர்க்குக் காலமே முதல் மருந்து என்பதை வலியுறுத்தினார். காயமுற்ற பின் வரும் முதல் ஒரு மணி நேரத்தை அவர் பொன்னான நேரம் என்று குறித்தார். அந்நேரத்தை ஒரு கடிகாரக் கணக்காகக் கொள்ளாது, விரைவின் தேவையை உணர்த்தும் சொல்லாகவே கொள்ளுதல் தகும். 1970ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 19ஆம் நாள், மேரிலாந்து மாநிலக் காவல்துறையின் ஹெலிகாப்டர் காயமுற்ற ஒருவரை முதன்முறையாக மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றது. அவ்வாண்டு நவம்பரில் ஜெர்மனியின் மியூனிக் நகரிலும் ‘கிறிஸ்டோஃப் 1’ என்னும் அழைப்புப் பெயருடன் ஒரு மருத்துவ ஹெலிகாப்டர் பணி தொடங்கியது. வழிச்செல்வோரைக் காப்பவர் என்று கிறித்தவர் போற்றும் புனித கிறிஸ்டோஃபரின் பெயரே அதற்கு இடப்பட்டது.

இனி, இப்பணி நடைபெறும் முறையைக் காண்போம். இரவு நேரம், நகரத்திற்கு அப்பால் ஒரு நெடுஞ்சாலை, இரண்டு வண்டிகள் மோதிக் கிடக்கின்றன. தீயணைப்புப் படையினரும் ஆம்புலன்ஸ் பணியாளரும் முதலில் வருகின்றனர். காயமுற்றவரின் நிலை கொடிது. பெரிய மருத்துவமனையோ தொலைவில் உள்ளது. தரைப்பணித் தலைவர் ஹெலிகாப்டரை வேண்டுகிறார். அஃது எழுந்து வருவதற்குள் இறங்குதற்கேற்ற இடத்தை அவர் தேர்ந்து அமைத்தல் வேண்டும். ஏறத்தாழ 100 அடி நீளமும் 100 அடி அகலமும் உடைய சமநிலம் வேண்டும். அதில் சரிவு மிகுதியாக இருத்தல் கூடாது. காற்றில் பறக்கக்கூடிய துணி, தகடு, தாள் முதலியன கிடத்தல் கூடாது. மூலைகளில் விளக்குகள் வைக்கப்படும். வேடிக்கை பார்க்க வந்தோர் நெடுந்தொலைவு விலக்கப்படுவர்.

இவ்வளவும் செய்த பின்னும் ஒரு பெரும் இடர் எஞ்சி நிற்கும். அதுவே கம்பி. மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் பகலிலேயே மேலிருந்து பார்ப்பார்க்கு எளிதில் புலப்படா. இரவில் அவை முற்றிலும் மறைந்துவிடும். ஆனால், தரையில் நிற்பவர் கம்பத்தைக் காண்பார். கம்பத்தைக் கண்டவர் கம்பி உண்டென்று அறிவார். எனவே விமானியின் கண்ணுக்குப் புலனாகாத ஒன்றைத் தரையில் நிற்பவரின் நாவே காட்டுகிறது. கம்பி எத்திசையில் உள்ளது, மரங்கள் எவ்வளவு உயரம், காற்று எங்கிருந்து வீசுகிறது, தரை புழுதியா புல்லா என்பனவற்றை அவர் முறையாகச் சொல்ல வேண்டும்.

ஹெலிகாப்டர் நெருங்கும்போது, அதிலுள்ளோர் விபத்து நிகழ்ந்த இடத்தைக் காணுமுன்னரே தரையில் உள்ளோர் ஹெலிகாப்டரைக் கண்டுவிடுதல் உண்டு. அப்போது கடிகார முகத்தைக்கொண்டு திசை காட்டுவர். ஹெலிகாப்டரின் முன்புறம் பன்னிரண்டு மணி. வலப்புறம் மூன்று மணி. பின்புறம் ஆறு மணி. இடப்புறம் ஒன்பது மணி. வடக்கு, தெற்கு என்று எண்ணித் தடுமாறாமல், விமானி உடனே அத்திசை நோக்கித் திரும்பலாம். அவர்கள் உரையாடல் தமிழில் அமையுமாயின் பெரும்பாலும் இவ்வாறு இருக்கும்:

“ஹெலிகாப்டர், இது தரைப்பணி. உங்கள் மூன்று மணித் திசையில் இருக்கிறோம்.”

“தரைப்பணி, இது ஹெலிகாப்டர். மூன்று மணித் திசையில் உங்கள் விளக்குகளைக் காண்கிறோம். இடர் என்ன உள்ளது?”

“சாலையின் கிழக்கு ஓரம் முழுவதும் மின்கம்பி. மேற்கே மரங்கள், உயரம் நாற்பது அடி. காற்று தெற்கிலிருந்து வீசுகிறது. தரை புல்.”

“கிழக்கே மின்கம்பி. மேற்கே நாற்பதடி மரங்கள். தெற்குக் காற்று. புல்தரை. அறிந்தோம்.”

இவ்வுரையாடலில் முகமன் இல்லை, அடைமொழி இல்லை, ஐயம் தரும் சொல் ஒன்றும் இல்லை. யாரை அழைக்கின்றோமோ அவர் பெயர் முதலிலும், அழைப்பவர் பெயர் அதனை அடுத்தும் வருகின்றன. தம் பெயரைக் கேட்டவர் செவி சாய்ப்பர். ஏனையோர் வாளா இருப்பர். விடையிறுத்தவர் ‘சரி’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாமையும் நோக்கத்தக்கது. கேட்டது யாதோ அதனை அவர் திருப்பிச் சொன்னார். ‘சரி’ என்னும் சொல், ஏதோ ஒன்றைக் கேட்டார் என்பதை மட்டும் காட்டும். திருப்பிச் சொல்லுதலோ, கேட்டதைச் சரியாகக் கேட்டார் என்பதைக் காட்டும். கிழக்கு என்று சொன்னது மேற்கு என்று செவியிற் பட்டிருப்பின், அப்பிழை அப்பொழுதே வெளிப்படும், உடனே திருத்தப்படும்.

இத்துணைக் கட்டுப்பாடு எதற்கு எனின், வானொலிக் கருவியின் இயல்பே அதனை வேண்டுகின்றது. பேசுவோர் கருவியின் பொத்தானை அழுத்திக்கொண்டு பேசுவர். அப்போது பிறர் குரலை அவர் கேட்க இயலாது. இருவர் ஒரே நேரத்தில் ஒரே அலைவரிசையில் பேசினால் இருவர் சொல்லும் சிதையும். மேலும், இவ்வலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டிற் செல்வன. குன்று குறுக்கிட்டால் குரல் தேயும். உயரத்திலுள்ள ஹெலிகாப்டர் நெடுந்தொலைவிலிருந்து வரும் குரலையும் கேட்கும். பள்ளத்தாக்கில் நிற்பவரின் கைக்கருவி எழுப்பும் குரலோ அடுத்த குன்றையும் கடவாது போகலாம். இவற்றோடு சுழலும் இறக்கைகளின் பேரொலியும் சேர்ந்துகொள்ளும். ஹெலிகாப்டர் தரையை நெருங்கிய பின் அருகில் நிற்பவர் சொல்வதைக் கேட்பதே அரிதாகும். ஆதலின் சொல்ல வேண்டியதை அதற்கு முன்னரே சொல்லி முடித்தல் இன்றியமையாதது.

ஒலி மயக்கமும் ஓர் இடரே. ஆங்கில எழுத்துக்களுள் பி, டி, ஈ முதலியன இரைச்சலினூடே ஒன்றுபோலவே ஒலிக்கும். எனவே பன்னாட்டு வானூர்திக் கழகம், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல்லை வகுத்து, 1956ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் தொட்டு அதனை நடைமுறைப்படுத்தியது. ஏ என்பதற்கு ‘ஆல்ஃபா’, பி என்பதற்கு ‘பிராவோ’, டி என்பதற்கு ‘டெல்ட்டா’ என்று சொல்லுதல் அம்முறை. ஒன்பதைக் குறிக்கும் ‘நைன்’ என்னும் சொல் ஐந்தைக் குறிக்கும் ‘ஃபைவ்’ என்பதோடு மயங்காதிருக்க, அதனை ‘நைனர்’ என்று நீட்டி ஒலிப்பர். பதினைந்தும் ஐம்பதும் ஆங்கிலத்தில் ஏறத்தாழ ஒத்து ஒலிப்பதால், எண்களை இலக்கம் இலக்கமாகப் பிரித்துச் சொல்வர்.

ஆயினும் விதி ஒன்றாக இல்லாவிடின் பயன் குன்றும். அமெரிக்கக் காவல்துறையினர் பலர் ஏ என்பதற்கு ‘ஆடம்’ என்றும், பி என்பதற்கு ‘பாய்’ என்றும் வேறு சொற்களை ஆள்வர். அன்றியும், நீண்ட செய்திகளைச் சுருக்குவதற்காக ஒவ்வொரு துறையும் தனக்கெனக் குறியெண்களை வைத்திருந்தது. ஓர் ஊரில் விபத்தைக் குறிக்கும் எண் பிறிதோர் ஊரில் வேறொன்றைக் குறித்தது. தம்முள் பேசும்போது அது சுருக்கம். அயலாரோடு பேசும்போதோ அதுவே மயக்கம். ஆகையால், பல துறையினர் ஒன்றுகூடிப் பணியாற்றும் இடங்களில் குறியெண்களை விடுத்து எளிய சொற்களிலேயே பேசுதல் வேண்டும் என்பதை, 2006ஆம் நிதியாண்டு முதல் அந்நாட்டு நடுவண் அரசு தன் நிதியுதவிக்கு ஒரு நிபந்தனையாக்கியது. சுருக்கம் நன்றே, ஆனால் தெளிவை இழந்த சுருக்கம் சுருக்கமாகாது.

சொல் தெளிவாக இருந்தாலும், அது சேர வேண்டிய செவியைச் சேராவிடின் பயன் என்? விமானங்கள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைகளிற் பேசுகின்றன. தீயணைப்புப் படையினரும் ஆம்புலன்ஸ் பணியாளரும் வேறு அலைவரிசைகளிற் பேசுகின்றனர். இதனால் மருத்துவ ஹெலிகாப்டர்கள் பலவகை வானொலிக் கருவிகளைச் சுமந்து செல்கின்றன. எந்த அலைவரிசையிற் பேசுவது என்பதையும் முன்னரே உறுதி செய்துகொள்கின்றன. இவ்வேற்பாடு இல்லாமையால் நேர்ந்த துயரம் ஒன்று உலகறிந்தது. 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் நியூயார்க் நகரின் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டபோது, காவல்துறையின் ஹெலிகாப்டர்கள் அவற்றைச் சுற்றிப் பறந்தன. தெற்குக் கோபுரம் வீழ்ந்த பின், வடக்குக் கோபுரமும் நெடுநேரம் நில்லாது என்று ஹெலிகாப்டரில் இருந்தோர் வானொலியில் எச்சரித்தனர். காவல்துறையினர் அதனைக் கேட்டனர். வடக்குக் கோபுரத்தின் உள்ளே மாடிப்படிகளில் இருந்த தீயணைப்புப் படையினரின் கருவிகளோ அவ்வலைவரிசையோடு இணைக்கப்படவில்லை. வேறு வழியாக வந்த கட்டளையைக் கேட்டு வெளியேறியோர் உண்டு. கேளாது உள்ளேயே இருந்தோரும் பலர். அந்நாளில் மாண்ட தீயணைப்புப் படையினர் 343 பேர். வானத்திலிருந்து கண்டவரும் இருந்தனர். கண்டதைச் சொன்னவரும் இருந்தனர். சொல் செல்லுதற்கு வழிதான் இல்லை.

வழி இருந்தும் சொல்லாது விடுதல் மற்றொரு குறை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ஃபிளாக்ஸ்டாஃப் நகரில், 2008ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், நோயாளரை ஏற்றிய மருத்துவ ஹெலிகாப்டர்கள் இரண்டு ஒரே மருத்துவமனையை நோக்கி வந்தன. அவை வானிலேயே ஒன்றோடொன்று மோதின. இரண்டிலும் இருந்த எழுவரும் மாண்டனர். இரு விமானிகளும் ஒருவரையொருவர் கண்டு விலகாமையே அதற்குக் காரணம் என்று விபத்தினை ஆராய்ந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு கூறியது. ஒருவர் வகுத்த வழியே வந்து சேரும் முறையையும், மற்றவர் வானொலியில் தொடர்பு கொள்ளும் முறையையும் பின்பற்றாமை துணைக் காரணங்கள் என்றும் அது சுட்டிற்று. அனைவரும் பிறர் உயிரைக் காக்கப் புறப்பட்டவரே. திறமையிலும் குறைந்தவர் அல்லர். ஆயினும், நாள்தோறும் செய்யும் பணியில் ஒரு நாள் விட்ட சிறு முறையும் பெருங்கேடாய் முடியக்கூடும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

பேசும் காலம் அறிதலைப் போலவே பேசாத காலம் அறிதலும் இத்துறையில் ஒரு கல்வியாகும். இறுதியாக இறங்கும் சில நொடிகளில் விமானியின் கவனம் முழுவதும் நிலத்தின்மேல் ஊன்றி நிற்கும். அப்போது தரையில் உள்ளோர் வேண்டாத சொல் ஒன்றும் பேசார். காயமுற்றவரின் நிலையைக் கூறுவதற்கும் அது காலமன்று. ஆனால், இடர் ஒன்று தோன்றுமாயின் அம்மௌனத்தை உடனே கலைத்தல் கடமையாகும். யாரேனும் இறங்குமிடத்திற்குள் ஓடி வரலாம். முன்பு காணாத கம்பி ஒன்று புலப்படலாம். அதனைக் கண்டவர் யாராயினும் ‘நிறுத்துக’ என்று சொல்லலாம். அவர் பணியில் நேற்றுச் சேர்ந்தவராக இருக்கலாம். விமானியோ பல்லாயிரம் மணி நேரம் பறந்தவராக இருக்கலாம். அச்சொல்லைக் கேட்ட அளவில் விமானி காரணம் வினவாது மேலெழுவார். வினவுதல் பின்னர் நடைபெறும்.

கெல்லியின் செயலும் இவ்விதியும் முரண்படுகின்றனவோ எனின், ஆராய்ந்தால் அவ்வாறு தோன்றாது. கெல்லி எச்சரிக்கையைக் கேட்டார். அதன் பொருளை நன்கு உணர்ந்தார். உணர்ந்தே தம் உயிரை ஈடாக வைத்தார். போர்க்களத்தில், வேறு வழியற்றுக் கிடந்தோர்பொருட்டு அவர் துணிந்த துணிவு அது. நெடுஞ்சாலையோரத்தில் இறங்குபவரோ மருத்துவரை, செவிலியரை, நோயாளரை, தரையில் நிற்போரை எல்லாம் தம் கையில் ஏந்தி நிற்கிறார். அங்கே மேலெழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மீண்டும் இறங்குதலே அறிவுடைமை. ஈரிடத்தும் பொதுவாக நிற்பது ஒன்று உண்டு. தரையில் உள்ளவர் தாம் கண்டதை மறையாது சொன்னார். வானில் உள்ளவர் அதனைச் செவிமடுத்தார்.

காயமுற்றுக் கிடந்தவர் இவற்றுள் ஒன்றையும் அறியார். மின்கம்பியைப் பற்றிச் சொன்னவர் யார், அதனைத் திருப்பிச் சொன்னவர் யார் என்பனவும் அவருக்குத் தெரியா. சில வாரங்கள் கழித்து அவர் நலம் பெற்று வீடு திரும்பும்போது, மருத்துவரை நன்றியோடு நினைப்பார், ஹெலிகாப்டரையும் நினைக்கக்கூடும். இருளில் நின்று, கையிற் சிறு கருவியைப் பிடித்து, கண்டதைக் கண்டபடியே சொன்ன அக்குரலை நினைக்க அவருக்கு வழியில்லை. அக்குரலுக்கு உரியவரோ அந்நன்றியை எதிர்பாராது அடுத்த அழைப்பிற்கு ஆயத்தமாகி நிற்பார்.

கண்டதை மட்டும் சொல்லுதல், கேட்பவர்க்கு விளங்கும் சொல்லாற் சொல்லுதல், கேட்டதைத் திருப்பிச் சொல்லித் தெளிதல், காலமறிந்து பேசுதல், காலமறிந்து வாய் அடங்குதல் ஆகிய இவை வானொலி நிலையத்தில் மட்டும் பழகத்தக்கன அல்ல. வகுப்பறையிலும் வீட்டிலும் விளையாட்டு வெளியிலும் இளமையிலேயே பழகத்தக்கன. நாள்தோறும் தெளிவாகப் பேசிப் பழகிய நாவே, ஓர் உயிர் ஊசலாடும் வேளையிலும் தடுமாறாது பேசும்.